கோவேறு கழுதையை விற்றுக் கப்பலேறிய தாத்தா

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தால், பேரப்பிள்ளைகள் எழுதும் அஞ்சலிக் குறிப்பில் சில வரிகள் தவறாமல் இருக்கும். கையில் சில்லறையோடு வந்து இறங்கினார். கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். இரவு பகல் பாராமல் உழைத்தார். கடைசியில் ஒரு கடையோ பட்டறையோ அவர் பெயருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் குடும்பமே அவரைச் சுற்றி உட்கார்ந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே கப்பலில் வந்து, அதே அளவு உழைத்து, ஒன்றும் ஆகாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. உழைப்பு மட்டும் காரணம் என்றால் அவர்களும் முதலாளிகளாகியிருக்க வேண்டும்.

அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அமெரிக்கப் படங்களில் குழந்தைகள் இழுத்துக்கொண்டு போகும் சிவப்புத் தகர வண்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். நான்கு சக்கரம், நீண்ட கைப்பிடி, பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ரேடியோ ஃப்ளையர் என்று பெயர். அதை உருவாக்கியவர் அந்தோனியோ பசீன். 1914-ல் 16 வயதில் தனியாக அமெரிக்கா போய், 90 வயதைக் கடந்து வாழ்ந்து, 1990-ல் மறைந்தார். மகன் மாரியோ, பிறகு பேரன் ராபர்ட் என்று நிறுவனம் இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அவர் பிறந்த ஊர் ரோசா. இத்தாலியின் வடகிழக்கில், வெனெட்டோ பகுதியில், விச்சென்சா மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் பசானோ. அங்கே பிரெந்தா ஆற்றின் குறுக்கே மரத்தாலான ஒரு கூரைப் பாலம் உண்டு. 1569-ல் பல்லாதியோ என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த வடிவம் அது. வெள்ளமும் போரும் பலமுறை அடித்துக்கொண்டு போன பிறகும், ஒவ்வொரு முறையும் அதே வடிவில் மரத்திலேயே திரும்பக் கட்டினார்கள். மரவேலை அந்த வட்டாரத்தில் எவ்வளவு ஊறிப்போன தொழில் என்பதற்கு அந்தப் பாலமே போதும். பசானோ வட்டாரத்து மரச்சாமான்களுக்கு இன்றும் தனி மதிப்பு. பசீன் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாகத் தச்சுவேலைதான்.

கைத்தொழில் இருந்தும் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்று கேட்கத் தோன்றும். இன்றைக்கு வெனெட்டோ இத்தாலியின் பணக்காரப் பகுதிகளில் ஒன்று. விச்சென்சா மாவட்டத்தின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு இந்தியா, வங்கதேசம், கானா என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். நூறாண்டுக்கு முன் நிலைமை தலைகீழ். வெனெட்டோ விவசாயிகளுக்கு மூன்று வேளையும் சோளமாவுக் களிதான், பொலெந்தா என்பார்கள். சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்ததால் வைட்டமின் பி3 குறைந்து, பெல்லாக்ரா என்ற நோய் ஊர் ஊராகப் பரவியது. தோல் உரியும், வயிறு போகும், முற்றினால் சித்தம் கலங்கும். ஊரில் வாங்குபவன் கையில் காசு இல்லையென்றால் நல்ல தச்சனுக்கும் பட்டினிதானே. 1876-க்கும் 1900-க்கும் இடையில் இத்தாலியிலிருந்து மிக அதிகம் பேரை வெளியே அனுப்பிய பகுதி வெனெட்டோ. சிசிலியோ நேப்பிள்ஸோ அல்ல. ஆனால் இவர்களில் கடல் கடந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கம் போகவில்லை. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். பிரேசிலின் தெற்கு மாநிலமான ரியோ கிராந்தே தோ சூலில் வெனெட்டோ வட்டார மொழியை இன்றும் வீட்டில் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே சிகாகோவுக்குப் போன ரோசா ஊர்ப் பையன் கொஞ்சம் விதிவிலக்கு. அவனுடைய பயணச் செலவுக்குக் குடும்பம் தன் கோவேறு கழுதையை விற்றது. வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் இருந்த விலங்கு. வண்டியால் பேர் வாங்கப் போகிறவனின் பயணத்துக்கு வண்டி இழுக்கும் விலங்கை விற்றார்கள் என்பது யாரோ கற்பனை செய்து எழுதியது போலத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பம் இன்றுவரை சொல்லிவரும் கதை இதுதான்.

இனி அந்த 1914 என்ற ஆண்டு. அஞ்சலிக் குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிப்போவது இதைத்தான். என்னைக் கேட்டால் பசீனின் நீண்ட வாழ்வில் பாதி அந்த ஆண்டுக்குள் அடங்கிவிட்டது.

1880-க்கும் 1920-களின் தொடக்கத்துக்கும் இடையில் 40 லட்சம் இத்தாலியர்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு வந்தார்கள். 1914 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் சுமார் 2,80,000 பேர். அந்தக் கோடையில் ஐரோப்பாவில் போர் மூண்டது. 1915 மே மாதம் இத்தாலியும் உள்ளே இறங்கியது. ஊரிலேயே இருந்திருந்தால் பசீனின் வயதுப் பையன்கள் எல்லோருக்கும் போனது போல அவருக்கும் படை அழைப்பு போயிருக்கும். 1917 அக்டோபரில் கபொரேத்தோவில் இத்தாலியப் படை நொறுங்கியது. அதன் பிறகு போர்முனை பின்வாங்கி வந்து நின்ற இடம் கிராப்பா மலை. பசானோவுக்குத் தலைக்குமேல் நிற்கும் மலை அது. ஊரின் பெயரே பின்னால், 1928-ல், பசானோ தெல் கிராப்பா என்று மாற்றப்பட்டது. அந்தப் போரில் இத்தாலி இழந்த வீரர்கள் 6 லட்சத்துக்கும் மேல். பசீன் சிகாகோவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்ட அதே 1917-ல், அவர் விளையாடித் திரிந்த தெருக்கள் போர்முனைக்குப் பக்கத்து ஊராகிவிட்டிருந்தன.

கதவு இந்தப் பக்கமும் மூடிக்கொண்டே வந்தது. 1917-ல் அமெரிக்கா எழுத்தறிவுத் தேர்வைக் கொண்டுவந்தது. 1921-ல் நாடுவாரியாக உச்சவரம்பு. இத்தாலிக்கு ஆண்டுக்கு சுமார் 42,000 பேர் என்று நிர்ணயித்தார்கள். 1924 சட்டம் அதையும் 3,845 என்று சுருக்கியது. பத்தே ஆண்டுகளில் 2,80,000-லிருந்து 3,845. சட்டம் இயற்றியவர்கள் காரணத்தை மறைக்கவுமில்லை. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் வேண்டாம் என்பதுதான் நோக்கம். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் 1899 முதலே 'வட இத்தாலியர்', 'தென் இத்தாலியர்' என்று இரண்டு தனி இனங்களாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வட இத்தாலியர் பரவாயில்லை, தென் இத்தாலியர் தேறமாட்டார்கள் என்ற நினைப்பு அரசு அறிக்கைகளிலேயே உண்டு. அந்தப் பதிவேட்டின்படி வெனெட்டோக்காரர்கள் 'பரவாயில்லை' ரகம். சிசிலிப் பையன் ஒருவன் வங்கியில் போய்க் கடன் கேட்பதற்கும் பசீன் போய்க் கேட்பதற்கும் வித்தியாசம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சிகாகோவில் தச்சனுக்கு உடனே தச்சுவேலை கிடைத்துவிடவில்லை. காய்கறி கழுவினார். சாக்கடைக் குழி தோண்டும் ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தார். குழி தோண்டுவது, தண்டவாளம் போடுவது எல்லாம் அன்றைக்கு இத்தாலியக் கூலிப்படை வேலைதான். அந்தக் கூலிகளுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பத்ரோனே என்ற தரகன் இருந்தான். ஊர்க்காரன், மொழி தெரிந்தவன், வேலை வாங்கித் தருவான். அதற்குத் தரகுக்காசு பிடிப்பான், தங்க இடம் கொடுத்து அதிலும் பிடிப்பான், தன் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும் என்பான். நம் தேயிலைத் தோட்டக் கங்காணிகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பதினாறு வயதுத் தண்ணீர்ப் பையன் இந்த ஏற்பாட்டை அடித்தட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் பழைய மரவேலை இயந்திரங்களை வாங்கி, வாடகை அறையில் வேலையைத் தொடங்கினார். இரவெல்லாம் கிராமபோன் பெட்டிகள் செய்வார். பகலில் கொண்டுபோய் விற்பார். அந்தக் காலத்துக் கிராமபோன் ஒரு மரச்சாமான் போலத்தான் இருக்கும். வரவேற்பறையில் வைப்பது என்பதால் பெட்டி அழகாக இருந்தாக வேண்டும். பட்டறைக்குள் கருவிகளை அங்குமிங்கும் நகர்த்த மரத்தால் ஒரு சின்ன வண்டி செய்து வைத்திருந்தார். பெட்டி வாங்க வந்தவர்கள் பெட்டியைவிட அந்த வண்டியைத்தான் விசாரித்தார்கள். பிள்ளைக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். 1923-ல் லிபர்ட்டி கோஸ்டர் கம்பெனி என்று பெயரிட்டு வண்டி செய்யத் தொடங்கிவிட்டார். கப்பலிலிருந்து பார்த்த சுதந்திரதேவி சிலைதான் பெயருக்குக் காரணம்.

இதுவரை நாம் கேட்டுப் பழகிய கதைதான். அடுத்த அடியில்தான் விஷயம் இருக்கிறது. பசீன் மரத்தை விட்டார்.

தகப்பனும் பாட்டனும் செய்த தொழில், தன் கையில் இருந்த ஒரே சொத்து, கடல் கடந்து கொண்டுவந்த ஒரே மூலதனம் அது. 1920-களின் பிற்பகுதியில் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, கார் தொழிற்சாலைகளில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் முறைக்கு மாறினார். 'குட்டி ஃபோர்டு' என்று அவருக்குப் பட்டப்பெயரே வந்தது. மரவண்டிக்குப் பலகை அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், மூலை சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கைகாரன் நின்றாக வேண்டும். தகட்டு வண்டியின் உடல் ஒற்றைத் தகடு. ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தொட்டி தயார். விளிம்பைச் சுருட்டி மடித்துவிட்டால் குழந்தையின் கையைக் கிழிக்காது. சிவப்புப் பூச்சு அடித்து, சக்கரம் மாட்டி, கைப்பிடி பொருத்தினால் முடிந்தது.

இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. அச்சு செய்வதற்குத்தான் பெருஞ்செலவு. அச்சு வந்துவிட்டால் வண்டிக்கு வண்டி ஆகும் செலவு சொற்பம். பத்து வண்டி விற்றால் நஷ்டம், பத்தாயிரம் விற்றால்தான் லாபம். தச்சன் ஊருக்கு விற்றுப் பிழைக்கலாம். அச்சு வைத்திருப்பவன் நாட்டுக்கே விற்றாக வேண்டும். பசீன் அதற்குப் பிறகு எடுத்த துணிச்சல்களுக்கெல்லாம் இந்தக் கட்டாயம்தான் காரணம் என்பது என் எண்ணம். சுபாவத்திலேயே சூதாடி என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் செய்துகொண்டிருந்த பொருளின் கணக்கு அவரைத் தள்ளியது.

பெயரும் மாறியது. 1930-ல் நிறுவனம் ரேடியோ ஸ்டீல் என்றானது. வண்டிக்கு ரேடியோ ஃப்ளையர். அன்றைக்கு ஊரே பேசிய இரண்டு அதிசயங்கள் வானொலியும் விமானமும். வானொலியைத் தந்த மார்க்கோனி இத்தாலியர். விமானி லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து தாண்டியது 1927-ல். குழந்தை வண்டிக்கும் இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அப்பாக்கள் காசு கொடுப்பார்கள்.

1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஊர் உருவாகி நூறாண்டு ஆனதைக் கொண்டாட 'முன்னேற்றத்தின் ஒரு நூற்றாண்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்த மார்ச் மாதம்தான் அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் சில நாள் இழுத்து மூட உத்தரவிட்டிருந்தார். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் பசீன் 30,000 டாலர் கடன் வாங்கி, கண்காட்சித் திடலில் 45 அடி உயரத்துக்கு ஒரு பொம்மையை நிறுத்தினார். வண்டியில் மண்டியிட்டுப் பாயும் சிறுவன். அடியில் ஒரு கடை. உள்ளங்கை அளவு குட்டி வண்டி 25 சென்ட். ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது என்பார்கள். விற்பனைத் தொகை முழுவதையும் லாபமாகவே எடுத்துக்கொண்டாலும் கடனை அடைக்கத்தான் ஏறக்குறைய சரியாக இருக்கும். தகட்டுக்கும் கூலிக்கும் கணக்குப் போட்டால் கையைக் கடித்திருக்க வேண்டும். ஆனால் 1933, 1934 இரண்டு ஆண்டும் சேர்த்து அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள் சுமார் 3.9 கோடி. அதில் பெருங்கூட்டம் அந்தச் சிறுவனை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தானே போயிருக்கும். அச்சு வைத்திருப்பவனுக்கு வேண்டியது அதுதான்.

அதே கோடையில் அதே கண்காட்சிக்கு இன்னொரு இத்தாலியரும் வந்தார். முசோலினியின் விமானத்துறை அமைச்சர் இத்தாலோ பால்போ 24 கடல்விமானங்களோடு பறந்துவந்து 1933 ஜூலை 15 அன்று மிச்சிகன் ஏரியில் இறங்கினார். சிகாகோ இத்தாலியர்கள் பூரித்துப்போனார்கள். சாக்கடை தோண்டுபவன் என்று பார்த்த ஊர் முதல்முறையாக அண்ணாந்து பார்க்கிறதே என்ற பூரிப்பு. ஏழாவது தெருவுக்கு பால்போவின் பெயரை வைத்தார்கள். முசோலினி அனுப்பிய பழங்கால ரோமானியத் தூண் ஒன்று இன்றும் ஏரிக்கரைப் பூங்காவில் நிற்கிறது. குடியேறியவர்களின் பெருமை எந்த வழியில் வேண்டுமானாலும் ஓடக்கூடியது என்பதற்கு அந்தத் தூண் சாட்சி. அஞ்சலிக் குறிப்புகளில் இந்தப் பத்தாண்டு காணாமல் போவதற்கும் அதுவே காரணம்.

மந்தக் காலத்திலும் நாளொன்றுக்கு 1,500 வண்டிகள் வரை பசீனின் தொழிற்சாலை செய்தது. விலை குறைவு, அதனால் ஓடியது. முகப்பு விளக்கு எரியும் 'ஸ்ட்ரீக் ஓ லைட்' என்ற வகைகூட 1934-ல் வந்தது. புதிதாக ஓடத் தொடங்கியிருந்த செஃபைர் ரயிலைப் பார்த்து வடிவமைத்தது.

இங்கே பசீனோடு இன்னொருவரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தோரே போயார்தி. இவரும் வட இத்தாலி, பியாச்சென்சா. இவரும் 1914-ல்தான் வந்தார். இவருக்கும் அப்போது 16 வயது. சமையல்காரர். கிளீவ்லாந்தில் உணவகம் வைத்தார். வந்தவர்கள் அவருடைய தக்காளிச் சாஸைப் பாட்டிலில் வாங்கிப் போகத் தொடங்க, அது தொழிற்சாலையாகிப் பென்சில்வேனியாவின் மில்டன் ஊருக்குப் போனது. அமெரிக்கர்களின் வாயில் நுழையவில்லை என்பதால் தன் பெயரைப் பாய்-ஆர்-டீ என்று உடைத்து டப்பாவில் அச்சிட்டார். 1985-ல் மறையும்வரை அவர் முகம் அந்த டப்பாவில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒருவர் பெயரை உடைத்துக்கொண்டார். பசீன் தன் பெயரை வண்டியில் போடவே இல்லை. லிபர்ட்டி, ரேடியோ, ஃப்ளையர் என்று அவர் தேர்ந்த பெயர்களில் இத்தாலிய வாடையே கிடையாது. 3,845 பேர்தான் வரலாம் என்று சட்டம் போட்ட ஆண்டுகளில் இது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் உலகப் போரில் இருவரும் அமெரிக்கப் படைக்கு உழைத்தார்கள். போயார்தியின் ஆலை இரவு பகலாக ராணுவ உணவு டப்பாக்கள் செய்தது. எஃகு ராணுவத்துக்கே என்றானதால் பசீன் வண்டியை நிறுத்திவிட்டு, 1942 முதல் 1945 வரை ஐந்து கேலன் எரிபொருள் கேன்களைச் செய்தார். ஜீப்பின் பின்புறம் மாட்டியிருக்குமே, அதுதான். அதே 1942-ல் குடியுரிமை வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரிநாட்டவர்' என்று பதிவு செய்யப்பட்டார்கள். புகைப்பட அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும், சிற்றலை வானொலியும் கேமராவும் வைத்திருக்கக் கூடாது, ஊர்விட்டு ஊர் போக அனுமதி வேண்டும். பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் அப்பா சான் ஃபிரான்சிஸ்கோவில் மீனவர். அவரைக் கடற்கரைத் துறைமுகத்துக்கே விடவில்லை. அந்த ஆண்டு கொலம்பஸ் நாளில்தான், அக்டோபர் 12 அன்று, இத்தாலியர்கள் மீதான இந்தத் தடைகளை நீக்குவதாக அறிவித்தார்கள். "இங்கிலீஷில் பேசு" என்று பிள்ளைகளை அதட்டிய இத்தாலிய அப்பாக்கள் பலருக்கு இந்தப் பத்து மாதம்தான் காரணம்.

போருக்குப் பின் இருவரும் பிரிகிறார்கள். ராணுவக் கொள்முதல் நின்றதும் போயார்தி ஆலை ஆட்களை அனுப்ப மனமில்லாமல் 1946-ல் நிறுவனத்தையே பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். பசீன் விற்கவில்லை. திரும்ப வண்டிக்கு வந்தார். பிறகு தோட்டவேலைக்கான ஒற்றைச் சக்கர வண்டிகளும் செய்தார். ஒருவருடைய முகம் மிஞ்சியது, மற்றவருடைய குடும்பம் மிஞ்சியது.

பசீனைக் குடும்பத் தலைவர் என்று சொல்லும்போது அவருடைய வீட்டை மட்டும் நினைத்தால் போதாது. தொழிற்சாலையில் இருந்தவர்களும் பெரும்பாலும் இத்தாலியக் கைவினைஞர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். வீடு கட்ட வட்டியில்லாக் கடன் கொடுத்தார். வட்டியில்லாக் கடன் என்பதைத் தர்மம் என்று மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் காலத்து இத்தாலியக் குடியேறிகளில் பாதிக்கு நெருக்கமானவர்கள் நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடும் ரகம். வீட்டுப் பத்திரம் கைக்கு வந்த நாளில்தான் ஒருவன் உண்மையிலேயே குடியேறுகிறான். அந்தக் கடன் கைதேர்ந்த ஆளை ஆலையோடும் ஊரோடும் கட்டிப்போட்டது. ஆளுக்கும் நன்மை, ஆலைக்கும் நன்மை. பத்ரோனே செய்ததும் ஒருவகையில் இதுதான், மொழி தெரியாதவனுக்கு நடுவில் நிற்பது. காசு ஓடிய திசை மட்டும் மாறியிருந்தது. தண்ணீர் சுமந்த பையன் கற்றுக்கொண்டது என்னவென்று இதில் தெரிகிறது. முதலாளியின் தயவை நம்பி வீடு கட்டியவன் அதே முதலாளியிடம் கூலி உயர்வு கேட்டுக் குரல் உயர்த்துவது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1937-ல் அதே சிகாகோவில் ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டு 10 பேர் இறந்தார்கள். அந்தப் பத்தாண்டில் நல்ல முதலாளி என்பது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் முதலாளி முதலாளிதான்.

தாத்தா கதைகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பாட்டி எங்கே? சிகாகோ இத்தாலியப் பெண்கள் தையற்கூடங்களில் வேலை பார்த்தார்கள். கோட்டுக்குக் கைத்தையல் போடும் வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து இரவில் முடித்தார்கள். தனியாட்களைக் குடிவைத்துச் சமைத்துப்போட்டு வாடகை தேற்றினார்கள். 1910-ல் சிகாகோ தையல் தொழிலாளர் சுமார் 40,000 பேர் நடத்திய வேலைநிறுத்தத்தில் இத்தாலியப் பெண்கள் கணிசம். எத்தனையோ குடும்பங்களில் 'அப்பா சேர்த்த முதல் பணம்' என்று சொல்லப்படுவதில் இந்த ஊசிக்காசு கலந்திருக்கும். நிறுவனங்களின் வரலாற்றுப் பக்கங்களில் அதற்கு இடமே இருப்பதில்லை.

பசீன் மறைந்து சில ஆண்டுகளுக்குள் அவர் ஒரு காலத்தில் தகட்டு வண்டியால் மரவண்டித் தச்சர்களுக்குச் செய்ததை வேறு சிலர் அவர் குடும்பத்துக்குச் செய்தார்கள். 1990-களில் லிட்டில் டைக்ஸ், ஸ்டெப்2, ரப்பர்மெய்ட் போன்ற நிறுவனங்கள் பிளாஸ்டிக் வண்டிகளோடு வந்தன. துருப்பிடிக்காது, இடித்தால் வலிக்காது, இருக்கையும் பெல்ட்டும் சேர்த்தே வார்த்துவிடலாம். பசீன் குடும்பம் எஃகை விட்டு வர நேரம் பிடித்தது. மரத்தை உதறுவது தாத்தாவுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் அன்று அவருக்கு இழக்கக் கொஞ்சம்தான் இருந்தது. பேரன்கள் கையில் இருந்ததோ ஒரு நாடே தன் குழந்தைப் பருவம் என்று நினைக்கும் பொருள். 1997-ல் ராபர்ட் பசீன் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு பிளாஸ்டிக் வண்டியும் மூன்று சக்கர சைக்கிளும் ஸ்கூட்டரும் வரிசையாக வந்தன. 1999-ல் சிவப்பு வண்டி அமெரிக்காவின் தேசியப் பொம்மைகள் கௌரவப் பட்டியலில் ஏறியது. 2003-ல் பொம்மைத் தொழில்துறையின் கௌரவப் பட்டியலில் அந்தோனியோவின் பெயரும் ஏறியது.

அடுத்த ஆண்டு, 2004-ல், சிகாகோ கிராண்ட் அவென்யூ தொழிற்சாலையில் எஃகு வண்டி செய்வதை நிறுத்திவிட்டு உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். விலைப் போட்டியில் வேறு வழியில்லை என்றார்கள், அதில் உண்மையும் இருக்கலாம். தாத்தா தன் வாழ்நாளில் மரத்தைக் கைவிட்டார், பெயரை மறைத்தார், போர் வந்தபோது வண்டியையே நிறுத்தினார். ஆலையில் நின்ற ஆட்களைத்தான் கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டார். பேரன்கள் பெயரையும் சிவப்பு நிறத்தையும் குடும்பப் பங்கையும் காப்பாற்றினார்கள். போனது அந்த ஆட்களின் வேலை. தலைமை அலுவலகம் சிகாகோவிலேயே இருக்கிறது. 2016-ல் அங்கிருந்து டெஸ்லா காரின் குழந்தை வடிவம் வந்தது, 2021-ல் பெரியவர்களுக்கான மின்சார சைக்கிளும் வந்தது.